உடல்வாகும் உடல்நலமும்: ஒல்லி உடலின் வரலாறு

பாலசமுத்திரம், திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. பாலாறு-பொருந்தலாறு அணை பக்கத்திலேயே இருப்பதால் சுற்றிலும் வயலும் தோப்பும் உண்டு. இந்த வட்டாரத்தில் யாருடைய உடல்நலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் அவருடைய உடல்வாகு பற்றித்தான் பேசுவார்கள். "அவருக்குச் சூட்டு உடம்பு", "இவனுக்கு வாத உடம்பு, எதுவும் ஒட்டாது", "அந்தம்மாவுக்குத் தண்ணீர் குடித்தாலும் சதை போடும்" என்பவை நாள்தோறும் கேட்கும் சொற்கள். அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும்: "ஒல்லியான ஆளுக்கு ஏதப்பா சர்க்கரை?"

கடைசியாகச் சொன்ன நம்பிக்கை ஆபத்தானது. அதை நம்பிப் பரிசோதனைக்கே போகாமல் இருந்து, காலில் புண் ஆறாதபோதுதான் நோயை அறிந்தவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். உடலை வகை பிரிக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது, ஒல்லி உடல் நோயற்ற உடல் என்ற முடிவு எப்படி உடைந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. அந்த வரலாற்றின் சில முக்கியப் பக்கங்கள் குன்னூரிலும் சென்னையிலும் வேலூரிலும் எழுதப்பட்டன என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

வளி, அழல், ஐயம்

சித்த மருத்துவம் உடலை இயக்கும் மூன்று ஆற்றல்களாக வளி, அழல், ஐயம் ஆகியவற்றைக் கூறுகிறது. இவையே வாதம், பித்தம், கபம் என்றும் வழங்கும். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் முதற்குறளே, இந்த மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் உண்டாகும் என்ற கருத்தைத்தான் சொல்கிறது. ஆகவே இந்தக் கொள்கை வள்ளுவர் காலத்திலேயே பரவலாக அறியப்பட்டிருந்தது எனலாம்.

எந்த ஆற்றல் மேலோங்கி நிற்கிறதோ அதைக்கொண்டு வாத உடல், பித்த உடல், கப உடல் எனப் பிரித்தார்கள். வாத உடலினர் மெலிந்தவர். தோல் வறண்டிருக்கும், பசி ஒரு நிலையில் இராது. பித்த உடலினர் நடுத்தரமான கட்டு உடையவர். உடற்சூடு மிகுதி, பசி பொறுக்கமாட்டார், நரை சீக்கிரம் வரும். கப உடலினர் பருத்தவர். தோல் மினுமினுப்பாக இருக்கும், உறக்கம் ஆழமானது, எதிலும் நிதானம். இரண்டு தன்மைகள் கலந்த உடல்களும் உண்டு என்பதால் அதற்குத் 'தொந்தம்' என்று பெயரிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்த மருத்துவர் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ததில்லை. நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டு வழிகளில் சோதித்த பிறகே நோயைக் கணித்தார். ஆள் வாழும் நிலத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்து நிலங்களில் மூன்று குற்றங்களும் சமமாய் நிற்பது வயல் சூழ்ந்த மருத நிலத்தில்தான் என்பது சித்த மருத்துவக் கருத்து. அந்தக் கணக்கில் பாலசமுத்திரம் நோயற்ற நிலமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நூல்கள் மனத்தில் கொண்ட மருதநில மனிதர் விடியலில் ஏர் பூட்டியவர். கைப்பேசியில் மின்மோட்டாரை இயக்குபவர் அல்லர்.

நீரிழிவைப் பற்றி வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதை கூறும் செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நீரிழிவாளரை அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒரு வகையினர் பிறப்பிலேயே அந்த இயல்பு உடையவர்கள். உடல் மெலிந்து, தாகம் மிகுந்து, குறைவாக உண்பவர்கள். மற்ற வகையினர் தவறான உணவாலும் பழக்கத்தாலும் நோய்ப்பட்டவர்கள். உடல் பருத்து, மிகுதியாக உண்டு, உட்காரவும் உறங்கவும் விரும்புபவர்கள். மெலிந்தவருக்கும் நீரிழிவு வரும் என்பது பண்டைய மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. நாம்தான் இடையில் மறந்துவிட்டோம்.

மேற்கில் நடந்த வகைபிரிப்பு

கிரேக்க மருத்துவமும் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களைக்கொண்டு மனிதரின் இயல்பைப் பிரித்தது. ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் மருத்துவ மொழிகளில் ஒன்று, இயல்பிலேயே மிகப் பருத்தவர்கள் மெலிந்தவர்களைக் காட்டிலும் திடீர் மரணத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த எண்ணம் அறிவியல் உடை அணிந்து மீண்டும் வந்தது. ஜெர்மன் மனநல மருத்துவர் எர்னஸ்ட் கிரெட்ச்மர் 1921-இல் உடலமைப்பையும் மனநோயையும் இணைத்து நூல் எழுதினார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1940-இல் எண்டோமார்ஃப், மெசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்ற மூன்று வகைகளை அறிமுகம் செய்தார். கருவின் மூன்று படைகளின் பெயரிலிருந்து இவற்றை உருவாக்கினார். உருண்ட உடல், தசைக்கட்டு உடல், ஒல்லி உடல் என்று நாம் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று தன்மைகளிலும் 1 முதல் 7 வரை மதிப்பெண் தந்தார்.

ஷெல்டன் அத்துடன் நின்றிருந்தால் நல்லது. உடல் வகையைக்கொண்டே ஒருவருடைய குணத்தையும், குற்றம் செய்யும் போக்கையும்கூடச் சொல்லிவிடலாம் என்று அவர் வாதிட்டார். இந்த ஆய்வுக்காகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களை ஆடையின்றிப் படம் எடுத்திருந்தார்கள் என்பது 1995-இல் செய்தித்தாளில் விரிவாக வெளிவந்து பெரும் பரபரப்பானது. குணத்தைப் பற்றிய அவருடைய கொள்கையை இன்று அறிவியலாளர் ஏற்பதில்லை. அளவெடுக்கும் முறை மட்டும் ஹீத், கார்ட்டர் ஆகியோரால் 1967-இல் திருத்தப்பட்டு விளையாட்டு அறிவியலில் பயன்படுகிறது. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் "நான் எக்டோ, எனக்கு உடம்பு ஏறாது" என்று சொல்வது இந்த ஷெல்டனின் மிச்சம்தான். அது உடலின் வெளிவடிவத்தைச் சொல்லும். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஒருபோதும் சொல்லாது.

குன்னூர் எலிகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் உடலை அளப்பது ஆட்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் உயரத்தையும் தலையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்தார். தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. படைக்கு ஆள் எடுப்பவர்கள் சில இனங்களைப் 'போர்க்குடிகள்' என்று பிரித்து வைத்திருந்தார்கள். சீக்கியரும் பட்டாணியரும் பிறப்பிலேயே வலியவர்கள், சென்னை மாகாணத்தார் பிறப்பிலேயே மெலிந்தவர்கள் என்பது அன்றைய அதிகாரிகளின் பொதுவான எண்ணம்.

அதை உலுக்கியது நீலகிரியில் நடந்த ஓர் ஆய்வு. ராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவர் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1920-களில் அவர் ஒரே வகை எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்களுடைய உணவைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என அமைந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாகவும் பால் மிகக் குறைவாகவும் இருந்த சென்னை மாகாண உணவை உண்டவை எல்லாவற்றிலும் மெலிந்து கடைசியில் நின்றன. வங்காளம், கன்னடம், மராட்டியம் முதலிய மற்ற உணவுகள் இடையில் நின்றன.

எலிகளின் பிறப்பு ஒன்றே. மாறியது தட்டில் விழுந்த உணவு மட்டும். அப்படியானால் 'ஒல்லி இனம்' என்று எழுதி வைத்தது எதை? அரிசியைத் தீட்டி, தவிட்டோடு சத்தையும் தள்ளிவிட்டு, பாலுக்கு வழியில்லாமல் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவைத்தான் இனத்தின் இயல்பு என்று எழுதிவிட்டார்கள். எலியை வைத்து மனிதரை முழுவதும் அளந்துவிட முடியாது என்பது உண்மையே. எனினும் உடல்வாகு பிறப்பால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இதைவிட எளிய பாடம் வகுப்பில் நடத்த எனக்குக் கிடைத்ததில்லை.

மெக்காரிசனின் ஆய்வகம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டில் உணவின் பக்கமாகவும் மாற்றம் வந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும் பல லட்சம் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின. பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரமும் எடையும் பதிவேட்டில் எழுதுவோம். எடை குறைந்த பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடுவது வழக்கம். கைகால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளிய பிள்ளைக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. 'ஓமக்குச்சி' என்ற பட்டப்பெயர்தான் உண்டு.

எடைக் கணக்கு

பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெட்லே 1830-களில், வளர்ந்த மனிதரின் எடை ஏறத்தாழ உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். அவருக்கு நோயைப் பற்றிய அக்கறை இல்லை. 'சராசரி மனிதன்' யார் என்று தேடினார். பின்னர் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் எந்த உயரத்துக்கு எந்த எடை என்று அட்டவணை போட்டன. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் கெட்லேயின் கணக்கையே எடுத்து 'உடல் நிறைக் குறியெண்' என்று பெயரிட்டார். பி.எம்.ஐ. என்று இன்று மருத்துவமனையில் சொல்வது இதுவே. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ளவருக்கு 22.8 வரும்.

இதற்கிடையே பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-இல் வேறொரு கேள்வியைக் கேட்டார். கொழுப்பு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்று பார்த்தார். இடுப்புக்குக் கீழும் தொடையிலும் கொழுப்பு சேர்ந்தவர்களைவிட வயிற்றில் சேர்ந்தவர்களுக்கே நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் மிகுதி என்று அவர் கண்டார். பேரிக்காய் வடிவம், ஆப்பிள் வடிவம் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் இது. பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒல்லிக்குள் கொழுப்பு

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நீரிழிவு பருத்தவரின் நோய் என்று மேலைநாட்டு நூல்கள் சொல்ல, இந்தியாவில் மருத்துவரிடம் வந்தவர்களில் பலர் அந்த நூல்களின் கணக்குப்படி பருத்தவர்களே அல்லர். இதற்கு விளக்கம் கிடைக்க நெடுநாள் ஆனது.

புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990-களில் சுற்றுக் கிராமங்களின் கருவுற்ற பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். புனேக் கிராமக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளின் எடை சுமார் 3.5 கிலோ. எடை குறைந்தால் எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி இல்லை. தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. முதுகுத் தோலின் அடியிலிருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து பிறந்த குழந்தையே கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறக்கிறது. 2003-இல் வெளியான அந்த ஆய்வு இதற்கு 'மெலிந்த-கொழுத்த இந்தியக் குழந்தை' என்ற பொருளில் பெயர் வைத்தது.

அடுத்த ஆண்டு லான்செட் இதழில் யாஜ்னிக்கும் ஆங்கிலேய மருத்துவரான ஜான் யூட்கினும் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே: 22.3. எக்ஸ் கதிர் முறையில் உடற்கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால் இருவரும் ஒல்லி.

இது ஏன் நோயாகிறது? நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்ததும் அதைப் பெருமளவில் எடுத்துச் சேமிப்பது தசை. தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. வயிற்றுக்குள்ளும் கல்லீரலைச் சுற்றியும் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஈடுகட்டக் கணையம் மிகையாக உழைத்து ஒருநாள் களைத்துப்போகிறது. இதற்கான விதை கருவிலேயே விழுகிறது என்பது ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1992-இல் வைத்த கருத்து. உணவு குறைந்த கருவறையில் வளரும் குழந்தை சிக்கனமாக வாழத் தன் உடலை அமைத்துக்கொள்கிறது. பிறந்து வளர்ந்தபின் மூன்று வேளைச் சோறும் வடையும் இனிப்புக் காப்பியும் கிடைக்கும்போது அந்தச் சிக்கன உடல் திணறுகிறது. பாட்டி காலத்துப் பசியும் பேரன் காலத்து நிறைவும் ஒரே உடலில் மோதுகின்றன என்று சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இந்த அறிவு எண்களிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. மேலைநாட்டாருக்குக் குறியெண் 25-இல் தொடங்கும் எச்சரிக்கை, ஆசியருக்கு 23-இலேயே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் 23 முதல் 24.9 வரை மிகை எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என வகுத்தார்கள்; வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்தார்கள்.

அளவுநாடா போதும்

சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்ற கணக்கு, கிராமத்தில் யாரும் போட்டுப் பார்க்கக்கூடியது. மொத்தம் 100 மதிப்பெண். வயதுக்கு 30 வரை, வயிற்றுச் சுற்றளவுக்கு 20 வரை, உடலுழைப்பு இல்லாமைக்கு 30 வரை, பெற்றோரின் நோய்க்கு 20 வரை. 60-ஐ எட்டினால் அபாயம் மிகுதி. இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இதில் எடைக்கு இடமே இல்லை என்பதைப் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வயது 52, மேசை வேலை, நடைப்பயிற்சி கிடையாது, தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தது, வயிற்றுச் சுற்றளவு 85 செ.மீ. உள்ள ஓர் ஆண். வயதுக்கு 30, உழைப்பின்மைக்கு 30, ஒரு பெற்றோருக்கு 10, வயிற்றுக்கு 0. கூட்டினால் 70. ஊரார் கண்ணுக்கு அவர் ஒல்லி. கணக்குக்கு அவர் அபாயத்தில் இருப்பவர். அதே வயதில் நாள் முழுதும் வயலில் உழைத்து, நடைப்பயிற்சியும் செய்பவருக்கு உழைப்பின் 30 முழுவதும் கழிந்துவிடும்.

வயிற்றை அளக்க ஒரு தையற்காரர் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டு அளக்க வேண்டும். "என் பேண்ட் அளவு 34-தான்" என்று சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு. பேண்ட் தொப்பைக்குக் கீழே கட்டப்படுவது. அது எதையும் காட்டாது. வேட்டி இன்னும் மோசம், எந்த வயிற்றுக்கும் இணங்கிப்போகும்.

அபாயம் தெரிந்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் சென்னையிலிருந்தே விடை இருக்கிறது. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது.

தமிழ்நாட்டின் நிலை இதை அவசரமாக்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2011 ஆய்வில் தமிழ்நாட்டின் வயது வந்தோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கிராமப்புறத்தில் மட்டும் 7.8 விழுக்காடு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தில் 40.4 விழுக்காடு பெண்களுக்கும் 37 விழுக்காடு ஆண்களுக்கும் குறியெண் 25-க்கு மேல். இந்த விழுக்காட்டில் 'ஒல்லிக்குள் கொழுப்பு' உள்ளவர்கள் சேரவில்லை. அவர்கள் 25-க்குக் கீழே நிற்பவர்கள்.

உண்மையிலேயே ஒல்லியானவர்கள்

இதுவரை சொன்னது தோற்றத்தில் ஒல்லியாகவும் உள்ளே கொழுப்போடும் இருப்பவர்களைப் பற்றியது. உள்ளேயும் கொழுப்பு இல்லாமல், இளமையில் பட்டினி கிடந்து, எலும்பும் தோலுமாய் நீரிழிவுக்கு ஆளாகும் ஏழைகள் வேறு. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இதை 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்று தனி வகையாக ஏற்றது. போதிய சான்று இல்லை என்று 1999-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பெயர் போனதே தவிர நோயாளிகள் போகவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் நிகால் தாமசும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்சும் குழுவினரும் இவர்களை நுணுக்கமாகச் சோதித்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவர்களுக்கு இன்சுலினை உடல் ஏற்காமல் போகவில்லை. இன்சுலின் சுரப்பதில்தான் பெருங்குறை. ஆகவே பருத்தவருக்கான மருத்துவத்தை இவர்களுக்கு அப்படியே செய்ய முடியாது. முதல் வகை நீரிழிவு என்று தவறாக எண்ணி இன்சுலினை மிகுதியாகக் கொடுத்தால், சரியான உணவு கிடைக்காத வீட்டில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் மாநாட்டில் இது 'ஐந்தாம் வகை நீரிழிவு' என்று ஏற்கப்பட்டது. நோயைக் கண்டறியும் முறையையும் மருத்துவத்தையும் வகுக்க அமைத்த குழுவுக்கு ஹாக்கின்சும் தாமசும் இணைத்தலைவர்களாக இருக்கிறார்கள்.